எண்ணும் எழுத்தும் சிறுகதையும்

படைப்பாளியின் தனித்தன்மையை அவனுடைய அரிய சொற்களில் தேடுவது திறனாய்வின் நெடுநாள் வழக்கம். கணிப்பொறிவழிச் சொல்லாய்வின் வரலாறோ மிக எளிய சொல்லொன்றிலிருந்து தொடங்குகிறது.

இத்தாலிய இயேசு சபைத் துறவி ரொபெர்தோ பூசா, தாமஸ் அக்குவினாசின் நூல்களில் 'உடனிருத்தல்' என்னும் கருத்தை ஆராயப் புகுந்தார். அது பெரிய கலைச்சொற்களைவிட, 'உள்' எனப் பொருள்படும் 'இன்' என்ற இலத்தீன் சிறுசொல்லோடு பிணைந்திருக்கக் கண்டார். அச்சொல் வரும் தொடர்களை 10,000 அட்டைகளில் கையாலேயே எழுதினார். பொறியின் துணை நாடி 1949இல் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். துளையட்டைகளில் தொடங்கிய அப்பணி 56 தொகுதிகள் கொண்ட சொல்லடைவாக விளைந்தது. 1964இல் மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியலார், அமெரிக்க அரசியல் கட்டுரைகளுள் ஆசிரியர் ஐயத்துக்குரிய 12 கட்டுரைகள் மாடிசனுடையவையே என முடிவு கண்டதும் சிறுசொற்களைக் கொண்டுதான்.

இம்முறை சிறுகதைக்கும் வந்தது. 1904இல் வெளிவந்து, 1914இல் 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் இடம்பெற்ற ஜேம்ஸ் ஜாய்சின் 'ஈவ்லின்' கதையை 2001இல் மைக்கேல் ஸ்டப்ஸ் இவ்வாறு ஆராய்ந்தார். காதலனோடு கடல் கடப்பதா, வீட்டிலேயே தங்குவதா எனத் தவிக்கும் இளம்பெண்ணின் கதை அது. அதில் 'யூஸ்டு டு' என்னும் தொடர் பழைய நாள்களின் வழக்கங்களைச் சுமக்கிறது. 'வுட்' என்னும் சொல் பெரிதும் வரவிருக்கும் வாழ்வைச் சுமக்கிறது. நினைவும் கனவும் வெவ்வேறு சொற்களில் நிற்பதால் எண்ணுவது எளிது.

தமிழில் அவ்வாறன்று. 'சிறுவயதில் அங்கே விளையாடுவாள்', 'நாளை அங்கே விளையாடுவாள்' என்னும் இரண்டிலும் வருவது ஒரே வகர இடைநிலை. இறந்தகால வழக்கத்தையும் எதிர்கால நிகழ்வையும் அதுவே உணர்த்துகிறது. இடைச்சொல் தனித்தியங்காது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்கும் என்று தொல்காப்பியர் வகுத்தார். எனவே தமிழ்ச் சிறுகதையை ஆராயும் பொறிக்கு முதலில் சொற்களைப் பிரிக்கக் கற்பிக்க வேண்டும். பிரித்த பின்னும், வகரம் குறிப்பது நினைவையா கனவையா என்பதை முன்பின் தொடர்களே காட்டும். நினைவும் ஏக்கமும் கலந்தோடும் மௌனியின் கதைகளை வெறும் பட்டியலாக எண்ணுவோர் அக்கலப்பையே தவறவிடுவர்.

பூசா 'இன்' என்ற சொல்லின் சிறப்பை முதலில் படித்தே கண்டார். பொறி எண்ணியது பின்னர். தமிழ்ச் சிறுகதை ஆய்வுக்கும் அவ்வரிசையே பொருந்தும்.