சைலன்சர் வந்த கதை



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மாணவன் நேற்று போன் செய்தான். நான் சொன்னதை மூன்று முறை திரும்பக் கேட்டான். "ஜெனரேட்டர் பக்கத்திலேயே வேலை சார்" என்றான். மனசு கேட்கவில்லை, அதனால் இந்தப் பதிவு.

1884இல் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர் ஹைரம் மாக்சிம். அதன் சத்தமே அவர் காதைச் செவிடாக்கியது. அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து காப்புரிமை பெற்றார். வண்டி எஞ்சினுக்கு ரீவ்ஸ் சகோதரர்கள் 1897லேயே மஃப்ளர் செய்திருந்தார்கள்.

புகையை அடைத்தால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் புகைக்கு வழிவிட்டு, சத்தத்தை மட்டும் உள்ளறைகளில் மோதவிட்டு அடக்குகிறார்கள். காற்றுக் குழாய்க்குள் ஒட்டும் கண்ணாடிப் பஞ்சு சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, தொழிற்பேட்டையில் பகலில் 75 டெசிபல், இரவில் 70தான் இருக்கலாம். அது வெளிப்புறக் கணக்கு. ஷெட்டுக்குள் 8 மணி நேரத்துக்கு 90 வரை அனுமதி உண்டு.

பிள்ளைகளே, சத்தத்தால் போன காது திரும்பி வராது. கம்பெனி தரும் இயர் பிளக்கைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள், காதில் வையுங்கள்.