உரிமையாளரே விமானியாகும்போது: சிறிய ஜெட் விமானங்களின் அரை நூற்றாண்டு

1979 ஆகஸ்டு 2 பிற்பகல். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன்–கேன்டன் விமான நிலையத்தில் ஒரு சிறிய ஜெட் விமானம் தரையிறங்குவதும் உடனே மேலெழுவதுமாகப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. அதை ஓட்டியவர் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் தலைவர் தர்மன் மன்சன். ஆட்டமில்லாத நாள்களில் கேன்டனில் வாழ்ந்த மனைவி மக்களிடம் விரைந்து சென்று சேர வேண்டும் என்பதற்காகவே அவர் விமானம் ஓட்டக் கற்றார். அந்த செஸ்னா சைட்டேஷன் ஜெட்டை அவர் வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. உடனிருந்த இருவரும் உயிர் தப்பினர். மன்சன் தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இயந்திரத்தில் குறை காணவில்லை. தரையிறங்கும்போது வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததை விமானி உணரவில்லை. உரிய நேரத்தில் போதிய உந்துவிசையைக் கூட்டவுமில்லை. சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்தவும் தவறினார் என்று அது முடிவு செய்தது. மன்சனுக்கு மொத்தத்தில் ஏறத்தாழ 500 மணி நேரப் பறப்பு அனுபவம் இருந்தது. அதில் ஜெட்டில் பறந்தது மிகச் சிறிய பகுதியே. சுழல்விசிறி விமானத்தில் விசையைக் கூட்டினால் இறக்கைகளின்மீது காற்று உடனே பாயும். பலன் அக்கணமே தெரியும். ஜெட் எஞ்சின் முழு வேகம் பெறச் சில நொடிகள் பிடிக்கும். தரைக்கு அருகில் அந்தச் சில நொடிகள்தாம் உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட தொலைவு.

தொழில்முறை விமானி அல்லாத ஓர் உரிமையாளர் தம் ஜெட்டைத் தாமே பாதுகாப்பாக ஓட்ட முடியுமா என்ற வினா அன்றிலிருந்து ஓயவில்லை. அதற்குத் தரப்பட்ட விடைகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். விமானத்தை எளிமையாக்கினால் போதும் என்று ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளர்களும் நம்பினார்கள். விபத்து அறிக்கைகளோ ஒவ்வொரு முறையும் விமானத்தை விட்டுவிட்டு மனிதரின் முடிவுகளையே சுட்டின.

1963இல் முதன்முறை பறந்த லியர்ஜெட் 23, வணிக நிறுவனங்களுக்கு ஜெட் வேகத்தைக் கொண்டுவந்தது. அது சிறிய விமானந்தான்; ஆயினும் இரண்டு விமானிகள் இல்லாமல் அதை ஓட்டச் சட்டம் இடந்தரவில்லை. 1971இல் சான்றிதழ் பெற்ற செஸ்னா சைட்டேஷன் எதிர்த்திசையில் சென்றது. நேரான இறக்கைகள், மிதமான வேகம், குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும் தன்மை ஆகியவற்றைக் கொண்ட அது, கட்டுப்படுத்த எளிதான ஜெட்டாக வடிவமைக்கப்பட்டது. அதன் வேகக்குறைவைப் போட்டியாளர்கள் எள்ளி நகையாடினர். ஆனால் அந்த எளிமைதான் 1977இல் ஒற்றை விமானி ஓட்டத்தக்க வகைக்கு வழிவிட்டது. மன்சன் வாங்கியது அந்த வகையே.

இருக்கை ஒன்று காலியானது என்று மட்டும் இதைப் புரிந்துகொள்வது போதாது. துணை விமானி சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படிப்பவர். வேகம் குறைந்தால் உரக்கச் சொல்பவர். தலைமை விமானியின் முடிவில் ஐயம் எழுந்தால் மறுப்புத் தெரிவிப்பவர். ஒற்றை விமானிச் சான்றிதழ் இந்தப் பணிகள் அனைத்தையும் ஒரே மனிதரின் தலையில் ஏற்றியது.

சட்டத்திலும் ஒரு முரண் இருந்தது. எந்த ஜெட்டை ஓட்டுவதற்கும் அந்த விமானத்துக்கேயுரிய வகைத் தகுதியைத் செய்முறைத் தேர்வில் தேறிப் பெற வேண்டும் என்பது அமெரிக்க விதி. இரண்டு விமானிகள் தேவைப்படும் விமானத்தின் தலைமை விமானி அதன்பிறகும் குறித்த கால இடைவெளியில் திறன் சோதனைக்கு உட்பட வேண்டும். தன்னந்தனியாக ஜெட்டை ஓட்டுபவருக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. எல்லாத் தனியார் விமானிகளுக்கும் பொதுவான, ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் மீள்பார்வையே போதுமானதாக இருந்தது. துணை உள்ளவருக்குச் சோதனை, துணையற்றவருக்கு விலக்கு. 2011இல்தான் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் விதியைத் திருத்தி, ஒற்றை விமானி ஜெட்டுகளையும் ஆண்டுச் சோதனைக்குள் கொண்டுவந்தது. அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியவை காப்பீட்டு நிறுவனங்கள். ஆண்டுதோறும் பயிற்சி பெற வேண்டும், தொடக்கத்தில் அனுபவம் மிக்க வழிகாட்டி விமானி உடன் பறக்க வேண்டும் என்றெல்லாம் அவை நிபந்தனை விதித்தன. அரசு கேட்காததைப் பணத்தை இழக்க விரும்பாதவர்கள் கேட்டார்கள்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கனவு மேலும் விரிந்தது. மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றிய வெர்ன் ராபர்ன் 1998இல் தொடங்கிய எக்லிப்ஸ் நிறுவனம், பத்து இலட்சம் டாலருக்கும் குறைவான விலையில் ஜெட் தருவதாக அறிவித்தது. 2006இல் எக்லிப்ஸ் 500, செஸ்னா மஸ்டாங் ஆகிய இரண்டும் சான்றிதழ் பெற்றன. 2008இல் எம்ப்ரேயர் ஃபீனம் 100 சேர்ந்தது. அந்த ஆண்டு இறுதியிலேயே எக்லிப்ஸ் திவாலானது. ஆனால் அது விட்டுச்சென்ற ஒரு நடைமுறை கவனத்துக்குரியது. விமானத்தை வாங்குபவரின் திறனை முன்கூட்டியே மதிப்பிட்டு, தேவைப்படுவோருக்கு வழிகாட்டி விமானியுடன் பறக்கும் காலத்தை அது வகுத்திருந்தது. மலிவான ஜெட்டை விற்கப் புறப்பட்டவர்களே, காலியான அந்த இருக்கையில் சிறிது காலமேனும் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று உணர்ந்திருந்தார்கள்.

அனுபவம் கூடினால் ஆபத்து நீங்கும் என்று கருதுவோருக்கு 2014 டிசம்பர் 8 ஒரு மறுமொழி. மேரிலாந்து மாநிலம் கெய்தர்ஸ்பர்க்கில் ஒரு ஃபீனம் 100 விமானம் ஓடுபாதையை நெருங்கும்போது வீடுகளின்மீது விழுந்தது. விமானத்திலிருந்த மூவரும், ஒரு வீட்டிலிருந்த தாயும் அவருடைய இரு ஆண் குழந்தைகளும் உயிரிழந்தனர். விமானி 4,500 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். இறக்கைகளில் பனிக்கட்டி படியக்கூடிய வானிலையில் அவர் பனிநீக்கும் அமைப்பை இயக்கவில்லை. அந்த வானிலைக்குரிய கூடுதல் வேகத்தையும் கடைப்பிடிக்கவில்லை. அமைப்பை இயக்கினால் அணுகு வேகம் கூடும். தரையிறங்க நீளமான ஓடுபாதை தேவைப்படும். விதிநூலில் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. விசையும் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அதை நினைவூட்ட அருகில் ஒருவர் இல்லை. இத்தகைய விமானங்களில், பனிநீக்கும் அமைப்பை இயக்க வேண்டிய தருணத்தைத் தானே எச்சரிக்கும் வசதி வேண்டும் என்று வாரியம் 2016இல் பரிந்துரைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 29 இரவு, கிளீவ்லாண்டின் ஏரிக்கரை விமான நிலையத்திலிருந்து கிளம்பிய செஸ்னா சைட்டேஷன் சிஜே4 ஒன்று சில நிமிடங்களுக்குள் ஈரி ஏரியில் மூழ்கியது. விமானி உட்பட அறுவர் இறந்தனர். விமானி முன்பு மஸ்டாங் ஓட்டியவர். புதிய விமானத்துக்கான வகைத் தகுதியை அம்மாதம்தான் பெற்றிருந்தார். இருளில் நிலைகுறித்த உணர்வு பிறழ்ந்தது, ஆட்டோபைலட் இயங்குகிறதா என்பதில் குழப்பம் நேர்ந்தது, பழைய விமானத்தின் பழக்கம் புதியதில் இடறியது, களைப்பும் சேர்ந்துகொண்டது. இவ்வளவையும் அறிக்கை பதிவு செய்துள்ளது. மறுநாள் காலை கிளம்பியிருந்தால் இருளும் களைப்பும் இரண்டும் விலகியிருக்கும்.

மூன்று விபத்துகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கை தேர்ச்சிக் குறைவு என்ற விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. விமான நிறுவனம் ஒன்றில் பயணத்தைத் திட்டமிடுபவர் ஒருவர். வானிலையைப் பார்த்து அனுமதிப்பவர் வேறொருவர். பணிநேரம் முடிந்தது என்று நிறுத்துவது விதி. இவற்றுக்கெல்லாம் பின்னரே விமானியின் முறை. உரிமையாளர்-விமானி இந்த அனைவருமாகத் தாமே இருக்கிறார். அவர் வாழ்வின் பிற துறைகளில் விரைந்து முடிவெடுத்து வென்றவர். விமானத்தை வாங்கும் வசதியைத் தந்ததும் அந்த இயல்பே. வீட்டில் காத்திருக்கும் குடும்பம், மறுநாள் காலைச் சந்திப்பு ஆகியவற்றின் அழுத்தத்தில், வேண்டாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் கடமையும் அவருடையதாகிறது.

2016இல் சான்றிதழ் பெற்ற சிரஸ் விஷன் ஜெட், முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட்டுடன் வந்தது. 2020இல் அவ்விமானத்துக்குப் பயணி ஒருவர் பொத்தானை அழுத்தினால் தானே தரையிறங்கும் ஏற்பாடும் கிடைத்தது. இவை உயிர்காக்கும் சாதனைகளே. எனினும் சிரஸின் சுழல்விசிறி விமானங்களின் அனுபவம் இங்குப் பொருந்தும். அவற்றில் தொடக்கத்திலிருந்தே பாராசூட் இருந்தும், எதிர்பார்த்த அளவுக்கு உயிரிழப்பு குறையவில்லை. தயங்காமல் அதை இழுக்க வேண்டும் என்று நிறுவனமும் உரிமையாளர் சங்கமும் பயிற்சியை மாற்றியமைத்த பின்னரே நிலைமை திருந்தியது. மேலும், பொத்தான் செயலிழந்த விமானிக்கு மாற்றாகும். நலமாக இருந்து தவறான முடிவெடுப்பவரை அது தடுக்காது.

எனவே உரிமையாளர்கள் தம் ஜெட்டைப் பாதுகாப்பாக ஓட்ட முடியும். பலர் பல்லாண்டுகளாக ஓட்டியும் வருகிறார்கள். அவர்களுக்கு உதவுவது ஆண்டுச் சோதனையும் வழிகாட்டி விமானியும், வானிலையும் உறக்கமும் குறித்து முதல்நாளே எழுதி வைத்து மீறாமல் பின்பற்றும் வரம்புகளும். இவை அனைத்தும் 1977இல் காலியான அந்த இருக்கையின் பணிகளை வேறு வடிவில் மீட்டுக்கொண்டவையே. மன்சன் வீட்டுக்கு விரைவாகச் செல்லத்தான் பறக்கக் கற்றார். அன்று அவர் விழுந்த இடம் அவருடைய சொந்த ஊரின் விமான நிலையம்.