டோக்கன் கையில், செருப்பைக் காணோம்!



2020 ஆகஸ்ட். ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே அக்கா ஒரு தளத்தில் கட்டணம் கட்டினாள். வங்கிப் பக்கத்தில் ஓடிபி போட்டாள், பணமும் போனது. திரும்பி வந்தால் மறுபடி லாகின் கேட்கிறது. ரசீது இல்லை! தில்லைநகரில் இருந்த அவள் தோழிக்கு அதே தளத்தில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. ஏன் இப்படி? இதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

1991ல் டிம் பெர்னர்ஸ்-லீ கொடுத்த எச்டிடிபி முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. கேட்ட பக்கத்தைக் கொடுக்கும், கேட்டவரை மறந்துவிடும். படிக்க அது போதும், கடை நடத்தப் போதாது. அதனால் 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுல்லி குக்கியை உருவாக்கினார்.

குக்கி என்பது கோயிலில் செருப்பு விடும் இடத்து டோக்கன் மாதிரி. பிறகு வந்த செஷன் முறையில் டோக்கன் நம் பிரவுசரில், செருப்பு (அதாவது நம் தகவல்) சர்வரின் அலமாரியில். ஒன்று தொலைந்தாலும் நாம் வெறுங்கால்தான் :-)

2000ல் வந்த பிஎச்பி 4 செஷனைச் சாதாரண ஃபைலாக வைத்தது. 1440 விநாடி, அதாவது 24 நிமிடம் தொடாமல் கிடந்தால் அது பழசு. ஆனால் பழசைக் கூட்டித் தள்ளும் வேலை, வழக்கமான அமைப்பில், சராசரியாக 100 கோரிக்கைக்கு ஒருமுறைதான் நடக்கும். அதனால் ஒருவருக்கு 25வது நிமிடத்தில் போகும், இன்னொருவருக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் போகாது.

கூட்டம் பெருகியதும் சர்வர்கள் இரண்டு, மூன்று ஆயின. தெற்கு வாசலில் வாங்கிய டோக்கனை வெள்ளை கோபுரத்துப் பக்கம் நீட்டினால் செருப்பு கிடைக்குமா? எல்லா வாசலுக்கும் பொதுவாக ஒரு அலமாரி வைப்பதுதான் தீர்வு. 2003ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டை இதற்குப் பலர் பயன்படுத்தினார்கள். அதிலும் இடம் நிறைந்தால் பழையது வெளியே போய்விடும்!

இப்போது அக்கா கதை. 2009 ஆகஸ்ட் முதல் ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கி இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. அதனால் பணம் கட்டுபவர் வங்கிப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். 2020ல் குரோம் ஒரு விதி கொண்டுவந்தது: வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் திரும்பினால், தனியாக அனுமதி எழுதப்படாத குக்கியை அனுப்பாது. சலுகையாக, குக்கி உருவாகி 2 நிமிடத்துக்குள் என்றால் அனுப்பும். தோழி சட்டென்று முடித்துவிட்டாள். அக்காவுக்கு ஓடிபி தாமதமாக வந்தது. காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காமர்ஸ் மாணவனாக ஒன்று சொல்கிறேன். இருப்புப் பட்டியல் டாலி ஆகாவிட்டால் முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். 9ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். "எப்போதாவது" வரும் கோளாறும் அப்படித்தான். எத்தனையாவது நிமிடம், எந்த சர்வர், எங்கிருந்து திரும்பி வந்தார் என்று, தவறியவருக்கும் தப்பியவருக்கும் குறித்து வைத்து ஒப்பிட்டால் 24, 100, 2 போன்ற ஏதோ ஒரு எண் தலைகாட்டும். அதைத் தேடாமல் "உங்கள் நெட் சரியில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் போனது பயனரின் பணம் அல்லவா?