மௌன கோபுரம்: பாவ்லோவின் ஆய்வுக்கூடமும் இணைவுவழிக் கற்றலும்

தமிழில் வெளிவரும் கல்வி உளவியல் நூல்களில் இவான் பாவ்லோவ் (1849-1936) பெரும்பாலும் நாய், மணி, உமிழ்நீர் என்னும் மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார். அவர் எழுப்பிய ஆய்வுக்கூடம் பேசப்படுவதில்லை. இணைவுவழிக் கற்றல் பற்றிய அறிவு ஒரு கட்டடத்தின் வடிவமைப்பையே தீர்மானித்ததற்கு அது முற்பட்ட சான்றாகும்.

செரிமான உடலியங்கியல் ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் பாவ்லோவ். அவருடைய ஆய்வுக்கூட நாய்களுக்கு உணவு வாயை எட்டுமுன்னரே உமிழ்நீர் சுரந்தது. உணவு கொணர்பவரின் காலடியோசையே அதற்குப் போதுமானதாயிற்று. உணவோடு சேர்ந்து வரும் எதுவும் உணவுக்குக் குறியாகலாம் எனில், ஆய்வாளர் எண்ணியிராதவையும் குறியாகலாம். எண்ணியமைத்த குறியைக் குலைக்கவும் செய்யலாம். அண்டை அறைப் பேச்சு, கதவடைக்கும் ஓசை, தெருவில் செல்லும் வண்டியின் அதிர்வு, சன்னல்வழி விழும் நிழல், ஏன், அருகிலிருக்கும் ஆய்வாளரின் கண்ணிமைப்பும் சோதனையைக் கெடுத்ததாக அவரே பதிவு செய்துள்ளார்.

இதன் விளைவாகவே பீட்டர்ஸ்பர்க் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில், மாஸ்கோ வணிகர் லெதென்த்சோவ் பெயரிலமைந்த சங்கத்தின் நிதியுதவியுடன், 1910 அளவில் ‘மௌன கோபுரம்’ எழத் தொடங்கியது. அதனைச் சுற்றி அகழி வெட்டப்பட்டது. தளத்திற்கு நான்காக அமைந்த ஆய்வறைகளைச் சிலுவை வடிவ நடைவழி பிரித்தது. மேல்தளத்தையும் தரைத்தளத்தையும் இடைத்தளம் ஒன்று விலக்கி வைத்தது. ஒவ்வோர் அறையும் ஒலிபுகாத் தடுப்பால் இரண்டாக்கப்பட்டு, விலங்கு ஒருபுறமும் ஆய்வாளர் மறுபுறமும் இருந்தனர். தூண்டல் தருவதும் துலங்கலைப் பதிவதும் மின்முறையிலோ காற்றழுத்தக் குழாய் வழியாகவோ நிகழ்ந்தன.

இங்கே ஒரு சொல்லைக் குறிப்பிட வேண்டும். பாவ்லோவ் ஆண்ட ‘உஸ்லோவ்னி’ என்னும் ரஷ்யச் சொல் ‘நிபந்தனைக்குட்பட்ட’ எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் அது ‘கண்டிஷன்டு’ என வழங்கலாயிற்று. நம் ‘ஆக்கநிலையிறுத்தம்’ அவ்வழி வந்ததே. முன்னது சூழலைச் சார்ந்து நிற்கும் உறவைச் சுட்டுகிறது. பின்னதோ விலங்கின்மீது நிறுத்தி முடிக்கப்பட்ட ஒன்றை. அகழியும் இரட்டை அறையும் ஏன் தேவைப்பட்டன என்பது முன்னதன் வழியே விளங்கும். பின்னதன் வழியே விளங்காது.

1924 செப்டம்பரில் நேவா ஆறு பெருகி லெனின்கிராடில் வெள்ளம் புகுந்தது. கொட்டில்களில் சிக்கிய நாய்கள் நீந்தச் செய்து மீட்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றிடம் முன்பு உறுதிப்பட்டிருந்த எதிர்வினைகள் மறைந்துபோயின. பல நாள் பயிற்சியால் அவை மீண்ட பின்னர், சோதனையறைக் கதவின் அடியில் சிறிது நீர் கசியவிடப்பட்டது. எதிர்வினைகள் மறுபடியும் குலைந்தன.