சென்ட்ரல் பார்க்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில், 59ஆம் தெரு முதல் 110ஆம் தெரு வரை 843 ஏக்கரில் பரந்துள்ள பொதுப் பூங்கா. இயற்கையாக அமைந்தது போலத் தோன்றினாலும் இதன் ஏரிகள் மனிதர் உருவாக்கியவை. 1858இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் இருவரின் திட்டம் வென்றது. குறுக்கே செல்லும் நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கியதுதான் அவர்களது கெட்டிக்காரத்தனம்: வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும், உலாவ வந்தவர் கண்ணில் அதிகம் படாது.

பூங்காவுக்காக 1857இல் செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பு காலி செய்யப்பட்டது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலருக்குச் சொந்த நிலம் இருந்தது. இதைப் பற்றி நெடுங்காலம் யாரும் அதிகம் பேசவில்லை.

ஷீப் மெடோ புல்வெளியில் 1934 வரை செம்மறியாடுகள் மேய்ந்தன. 1970களில் சீரழிந்து கிடந்த பூங்காவை, 1980இல் தொடங்கப்பட்ட சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி மீட்டெடுத்தது. இன்றும் பராமரிப்பது அந்த அமைப்பே.