நூலகரின் இரண்டாம் கல்வி: கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன் கிளை நூலகம் ஒன்றில் நடந்த சிறு நிகழ்ச்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சியில் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் நூலகரிடம், "சார், எங்க மலையைப் பத்தி புத்தகம் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த நூலகர் அலமாரிகளில் தேடிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. புதிதாக வந்திருந்த கணினியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, 'கல்வராயன் மலை வரலாறு' என்று இட்டார். அருவிக்குச் செல்லும் வழி, தங்கும் விடுதி, சாராய ஊறல் அழிப்பு என்பவையே திரையில் வரிசையாக வந்தன. மாணவி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அருகில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்த எனக்கும் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி நூலகரை விடவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பின் நான் சென்றபோது, தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றி டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906இல் வெளிவந்த அரசு விவரச்சுவடியை இணைய ஆவணகத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "மலையோட பேரை நாம சொல்ற மாதிரி போட்டா வராதுங்க. அவங்க எழுதின மாதிரி போடணும்" என்றார். அந்நூல்களில் கல்வராயன் 'கல்ராயன்' என்றும், கள்ளக்குறிச்சி 'கள்ளக்குர்ச்சி' என்றும் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. மாவட்டத்தின் பெயரோ விழுப்புரமுமல்ல, கள்ளக்குறிச்சியுமல்ல, தென்னார்க்காடு.

ஒரு முதிய நூலகர் புதிய கருவியைக் கற்றுக்கொண்டார் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் உண்மையில் செய்தது, தம் பழைய கல்வியைப் புதிய கருவியின்மீது செலுத்தியதுதான். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நம் நூலக வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

*

தமிழ்நாட்டு நூலக வரலாற்றின் முதற்பக்கத்திலேயே தொழில் தெரியாத ஒரு நூலகர் நிற்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அவர் அமர்த்தப்பட்டபோது அத்துறையில் அவருக்கு எவ்விதப் பயிற்சியும் இருக்கவில்லை. அங்கிருந்த தனிமை தாங்காமல் மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிட முயன்றவர் அவர். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபின்தான் மனம் மாறியது. அங்கு பல நூலகங்களை நேரில் பார்த்தார். ஓர் அங்காடியில், உதிரித் துண்டுகளை இணைத்து வெவ்வேறு உருவங்களைச் செய்யும் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து வேண்டியவாறு இணைத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் அங்கு உதித்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அதன் விளைவு.

அவர் ஏன் புதிய பகுப்பு ஒன்றைத் தேட வேண்டியிருந்தது என்பதே நமக்கு முக்கியம். அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு அப்போதே உலகெங்கும் பரவியிருந்தது. ஆனால் அதில் அறிவுலகின் நடுவீடு மேற்கத்தியருக்கு உரியது. இந்திய மெய்யியலும் சமயங்களும் மொழிகளும் திண்ணையில் இடம் பெற்றிருந்தன. அந்தக் கருவியைக் குறைவறக் கற்று, அதன் போதாமையையும் உணர்ந்து, தம் மண்ணின் நூல்களுக்கு இடம் தரும் ஒன்றை அரங்கநாதன் உருவாக்கினார். புதிய கருவியைப் பயன்படுத்தத் தெரிவது கல்வியின் ஒரு பாதி. அது எதை மறைக்கிறது என்று காணத் தெரிவது மறுபாதி.

1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் இறுதி விதி நூலகத்தை வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிரோடு ஒப்பிடுகிறது. அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. அன்றைய நிலையில் அதுவே புதிய ஊடகம். வாசகர் வரும்வரை காத்திராமல் வாசகர் இருக்குமிடத்திற்கு நூல் செல்ல வேண்டும் என்னும் கருத்து, இன்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் நூல் அறிமுகம் செய்யும் நூலகரின் கருத்துதான். வண்டி மட்டும் மாறியிருக்கிறது. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்து, இந்த இயக்கத்துக்கு நிலையான வருவாய் தேடித் தந்தது. சிற்றூர்களிலும் கிளை நூலகங்கள் எழ வழி திறந்தது அச்சட்டமே.

*

அரங்கநாதனின் தொடர்பு கடல் கடந்தும் சென்றது. க. மு. செல்லப்பா 1933இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். அதற்குப் பெருங்கட்டடம் ஒன்றைத் திட்டமிட்டபோது அரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் வரைபடம் வகுத்தார். 1959இல் அது திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையில் அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின.

நூல்கள் எரிந்தபோது அவற்றின் பட்டியலும் உடன் எரிகிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. எவை இருந்தன என்று தெரியாதபோது எவை இழந்தன என்றும் தெரியாது. இந்த வெற்றிடத்தின் முன் நின்றவர்களில் ஒருவர் நூலகர் என். செல்வராஜா. யாழ்ப்பாணத்தில் நூலகப் பணி செய்து, பின் இங்கிலாந்திற்குப் புலம்பெயர்ந்த அவர், ஈழத்தமிழரின் நூல்களைத் தேடித் தொகுத்து, 'நூல்தேட்டம்' என்னும் குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியலை வெளியிடத் தொடங்கினார். முதல் தொகுதி 2002இல் வந்தது. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்னும் கணக்கில் பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் தொடர்ந்து வந்துள்ளன. ஒரு நிறுவனமே செய்யத் தயங்கும் வேலை இது.

நூல்தேட்டத்தின் அடிப்படை, நூலகப் பள்ளியில் கற்ற பழைய கலைதான்: நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, அச்சகம், பக்கம், அளவு, பொருட்பகுப்பு. ஆனால் நூல்களோ கொழும்பு, சென்னை, லண்டன், டொரண்டோ, பாரிஸ் எனச் சிதறிக் கிடந்தன. சிதறிய சமூகத்தின் நூல்களைத் திரட்ட இணையமும் மின்னஞ்சலும் கைகொடுத்தன. அச்சில் வந்த பட்டியல் பின்னர் இணையத்திலும் ஏறியது.

இதே காலத்தில் இளைஞர்கள் சிலரின் தன்னார்வ முயற்சியாக 2005இல் 'நூலகம்' இணையத்தளம் உருவாயிற்று. தொடக்கத்தில் நூல்களைத் தட்டச்சு செய்தே ஏற்றினார்கள். பின்னர் பக்கங்களை மின்வருடி அப்படியே ஏற்றும் முறைக்கு மாறினார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கு உள்ளன. கோயில் மலர், பள்ளி ஆண்டிதழ், நினைவுமலர், துண்டறிக்கை என எந்த அலமாரியும் இடம் தராத எளிய தாள்களும் அங்கு வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன. விக்கி மென்பொருளில் இயங்கும் அத்தளத்தின் பகுப்புகளைக் கூர்ந்து பார்ப்பவருக்குப் பழைய அட்டைப் பெட்டியின் ஒழுங்கு அதனுள் இருப்பது தெரியும்.

*

தமிழில் இந்த இரண்டாம் கல்வி மேலும் கடினமானதாக இருந்தமைக்கு எழுத்துருச் சிக்கல் ஒரு பெருங்காரணம். 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் இக்காலப் படைப்புகள் வரை இணையத்தில் ஏற்றியது. அதன் தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எழுத்துரு. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறியீடுகளே தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தபோதும், தமிழ்நாடு அரசு அதனை அதிகாரப்பூர்வமாக ஏற்றது 2010இல்தான். இந்த இடைக்காலத்தில் பணியிலிருந்த நூலகர் ஒருவர், தட்டச்சுப் பொறி, பழைய எழுத்துருக்கள், ஒருங்குறி என ஒரே மொழியைப் பலமுறை எழுதப் பழக வேண்டியிருந்தது. 'கணினி தெரியாதவர்' என்று அவரைப் பற்றி எளிதாகச் சொல்லிவிட்டோம். கணினிக்குத் தமிழ் தெரியாதிருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டோம்.

பெயர்ச் சிக்கல் இன்னொன்று. மேலைநாட்டு மென்பொருள் குடும்பப் பெயரைக் கேட்கிறது. நமக்கோ முன்னெழுத்தும் இயற்பெயரும் மட்டுமே. இயந்திரம் கேட்கிறதே என்று முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக இட்டால், ஆசிரியர் தம் தந்தையின் பெயரில் பட்டியலில் ஏறிவிடுகிறார். புனைபெயரில் எழுதியவர்களின் நிலை இன்னும் சிக்கல். பழைய அட்டைப் பெட்டியில் இதற்கு எளிய தீர்வு இருந்தது. புதுமைப்பித்தனைத் தேடுபவருக்கும் சொ. விருத்தாசலத்தைத் தேடுபவருக்கும் வழிகாட்ட, 'காண்க' என்று எழுதிய ஓர் அட்டை போதும். தேடுபொறி தட்டச்சு செய்ததைத் தேடித் தரும். தேடுபவர் அறியாத பெயரை அதனிடம் சொல்ல ஒருவர் வேண்டும்.

*

இனி கல்வராயன் மலைக்குத் திரும்புவோம்.

இம்மலை நெடுங்காலம் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துள் வந்தது. அதாவது, அரசு அலுவலகம் தாள்களைச் சேமிக்கத் தொடங்கியதே அதன் பின்னர்தான். அதற்கு முந்தைய மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்வு இரண்டே இடங்களில் உள்ளது. ஒன்று, அவர்களுடைய பாட்டிலும் சடங்கிலும் முதியோர் நினைவிலும். மற்றொன்று, 1878இல் கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு கையேடு, பிரான்சிஸின் 1906ஆம் ஆண்டு விவரச்சுவடி, 1909இல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் முதலிய ஆங்கில அலுவலர்களின் நூல்களில். இரண்டாவது இணையத்தில் இருக்கிறது. முதலாவது பெரும்பாலும் இல்லை.

நிர்வாக எல்லைகளோ தொடர்ந்து மாறின. கள்ளக்குறிச்சி, தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குச் சென்றது. 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே ஒரே மலையின் வரலாறு நான்கு மாவட்டப் பெயர்களின் கீழும் பலவகை எழுத்துக்கூட்டல்களிலும் சிதறிக் கிடக்கிறது. இந்தத் தொடர்புகளையெல்லாம் அறிந்து, 'இதையும் காண்க' என்று சொல்லக்கூடியவர் உள்ளூர் நூலகரே.

இதில் மற்றொரு கவலையும் உண்டு. இன்று சமூக ஊடகத்தில் கள்ளக்குறிச்சி என்று தேடினால் முதலில் வருபவை இரண்டு துயரங்கள்: 2022இல் ஒரு பள்ளி மாணவியின் மரணத்தையொட்டி எழுந்த கலவரம், 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விஷச்சாராயம். மறைக்கப்பட வேண்டியவை அல்ல இவை. சாராயச் சாவுகளுக்குப் பின்னர்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, மலைமக்களின் சாலை, பள்ளி, மருத்துவம் பற்றிக் கேள்வி எழுப்பியது. ஆயினும் ஒரு நிலப்பரப்பின் முழு நினைவும் இரண்டு செய்திகளாகச் சுருங்குவது நீதியன்று. செய்தி தானே மேலேறி வந்துவிடும். வரலாற்றை யாரேனும் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

உலகெங்கும் நூலகர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2016இல் விக்கிப்பீடியாவின் பதினைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி, ஒவ்வொரு நூலகரும் ஒரு கட்டுரைக்கு ஒரு சான்றாதாரமேனும் சேர்க்குமாறு வேண்டும் இயக்கம் தொடங்கியது. சிறிய வேலைதான்; ஆனால் நூலகருக்கு முற்றும் பொருந்திய வேலை. 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் கல்வராயன் பற்றிய பக்கத்துக்கு ஒரு விவரச்சுவடியின் பக்க எண்ணைச் சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். மலை முதியவர் ஒருவரின் பாட்டை, அவருடைய இசைவோடு கைப்பேசியில் பதிந்து, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அந்தக் குறிப்பு இல்லாத ஒலிப்பதிவு, முகப்புப் பக்கம் கிழிந்த நூலுக்கு ஒப்பானது. குறிப்பு எழுதும் பழக்கம் நூலகருக்கு இயல்பாகவே உண்டு.

இவற்றையெல்லாம் நூலகரின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிடக் கூடாது. தினமும் நூல் வழங்கி, பதிவேடு எழுதி, நாளிதழ் அடுக்கும் ஒருவரே இணையமும் கற்க வேண்டும் என்றால் அதற்கான நேரமும் பயிற்சியும் தரப்பட வேண்டும். கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. எங்கள் மாணவர்களில் மலையிலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள். ஒப்படைப்பு என்ற பெயரில் ஒரே கட்டுரையை ஆண்டுதோறும் படியெடுக்க வைப்பதைவிட, தம் பாட்டியின் ஒரு கதையை முறையாகப் பதிந்துவரச் சொல்லலாம். இதை எழுதும்போது என் மீதும் குற்றம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மாணவி மீண்டும் வந்தார் என்று நூலகர் பின்னர் சொன்னார். 1906ஆம் ஆண்டு நூலின் பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். அவற்றைப் படித்துவிட்டு அவர், "இதுல பாதி தப்புங்க சார், எங்க தாத்தா வேற மாதிரி சொல்வாரு" என்றாராம். நூலகர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்து, "அப்ப அதை எழுதிக் குடும்மா" என்று சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாள் இன்னும் திரும்பி வரவில்லை. நூலகரும் ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடத்தில் வந்திருப்பவர் இளைஞர். கணினி நன்றாகத் தெரிந்தவர். அந்தத் தாளைப் பற்றி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.