துறைமுகமும் பதிவேடும்: இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் அரசியற் பொருளாதார வரலாற்றை அறிதற்குரிய மூலங்கள் சட்டமன்றக் குறிப்புகளும் வரவு செலவுத் திட்ட உரைகளும் மட்டுமல்ல. மக்கள் அன்றாடம் கையாளும் சிறு பத்திரங்களும் அவர்கள் தெருவிற் காணும் குறிகளும் அவ்வரலாற்றைத் தாங்கி நிற்பனவே. அந்நிய நாடொன்றில் ஒருவர் சில காலம் பாவித்த மோட்டார் காரினை இலங்கையில் உள்ள ஒருவர் தருவித்துத் தம் ஊர்த் தெருவில் ஓட்ட வேண்டுமாயின், அது இரு வாயில்களைக் கடத்தல் வேண்டும். ஒன்று சுங்கம், மற்றையது மோட்டார் வாகனப் பதிவேடு. இப்பொருளின் பெறுமதி யாது, இதற்கான பணம் எவ்வழியில் நாட்டை விட்டுச் சென்றது என்பன முதல் வாயிலில் எழும் வினாக்கள். இஃது எவருக்கு உரியது, எக்குறியுடன் தெருவில் இறங்கும் என்பன இரண்டாம் வாயிலில் எழுவன.

இவ்வினாக்கள் வெறும் நிருவாக வினாக்களாகவே முதற்பார்வையில் தோன்றும். ஆயினும், காலந்தோறும் இவற்றுக்கு விடை கூறப்பட்ட முறையினை வரிசைப்படுத்தி நோக்கின், அவ்வக் காலத்து அரசு எதனை அஞ்சியது, எதனை நிலைநாட்ட விரும்பியது என்பன தெளிவாகப் புலனாகும். முதல் வாயிலில் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை தன் தடத்தைப் பதித்தது. இரண்டாம் வாயிலிலோ இந்நாடு எவருக்குரியது என்னும் வினாவே பதிந்தது. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குடியேற்ற ஆட்சிக் கால அடிப்படை

இலங்கையின் சுங்க நடைமுறைக்கு அடிப்படையாக அமைந்தது 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டமாகும். பலமுறை திருத்தப்பட்டும் இன்றுவரை அதுவே மூலச் சட்டமாக விளங்குகின்றது. கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இந்நாட்டில் இனங்காணப்பட்ட ஆண்டும் அதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது. தோட்டப் பொருள்கள் வெளியேறவும் அரிசியும் துணியும் உள்ளே வரவும் அமைந்த ஒரு துறைமுகத்திற்காக எழுதப்பட்ட அச்சட்டத்தின் தருக்கம் எளிமையானது. பொருளைக் கொணர்ந்தவர் அதன் வகையையும் பெறுமதியையும் தாமே பிரகடனஞ் செய்தல் வேண்டும். அரசு அதனைச் சோதிக்கும். பிரகடனம் பொய்யாயின் பொருள் பறிமுதலுக்குரியதாகும். மோட்டார் கார் பிறவாத காலத்துச் சட்டம், பின்னர் மோட்டார் காரையும் இத்தருக்கத்தினுள் அடக்கிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே மோட்டார் கார்கள் இங்கு வரலாயின. 1904ஆம் ஆண்டில் இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் நிறுவப்பட்டமை அவற்றின் தொகை பெருகத் தொடங்கியதற்குச் சான்றாகும். தோட்டத் துரைமார், பெருவணிகர், சட்டத்தரணிகள், வைத்தியர் ஆகியோரே தொடக்கத்தில் அவற்றை வைத்திருக்கும் வசதி பெற்றிருந்தனர். வாகனங்களை ஒழுங்குபடுத்த 1927ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் எழுந்தன. சுதந்திரத்தின் பின்னர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அவற்றின் இடத்தைப் பெற்றது.

இச்சட்டங்களின்படி வாகனத்தின் அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் உரிமையாளர் பெயருடன் பதிவேட்டில் இடம்பெறும். கடனுக்கு வாங்கப்பட்ட வாகனமாயின், ஓட்டுபவர் பதிவுபெற்ற உரிமையாளராகவும் பணமளித்த நிறுவனம் பூரண உரிமையாளராகவும் தனித்தனியே குறிக்கப்படுவர். இவ்வாறாக, வாகனத்தைப் பதிதல் என்பது தெருவொழுங்கோடு நின்றுவிடாது சொத்துரிமையின் ஆவணமாகவும் அமைந்தது. இதன் முக்கியத்துவத்தைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்து வாகன இலக்கத் தகடுகள் ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. சிலோன் என்னும் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்து அமைக்கப்பட்ட சீ.ஈ., சீ.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற குறிகள் வழங்கின. சிங்கள மக்களிலும் தமிழ் மக்களிலும் பெரும்பாலோர் வாசிக்க இயலாத எழுத்துகள் அவை. எனினும், இருசாராருக்கும் ஒரே அளவில் அந்நியமாக இருந்தமையால் அவை ஒருவரையொருவர் மோதச் செய்யவில்லை.

2. ஓர் எழுத்தும் ஓர் இனப்பூசலும்

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அச்சட்டம் கந்தோர்களிலும் நீதிமன்றங்களிலும் நடைமுறைக்கு வருவதற்குக் காலம் எடுத்தது. ஆனால் வாகனப் பதிவேட்டில் அதன் உணர்வு விரைவாகவே செயற்பட்டது. பண்டாரநாயக்காவின் அமைச்சரவையில் போக்குவரத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் மைத்திரிபால சேனநாயக்கா. புதிதாகப் பதியப்படும் வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள வரிவடிவில் ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து இடம்பெறும் என்ற ஒழுங்கு அக்காலத்திலே கொண்டுவரப்பட்டது.

இவ்வொழுங்கின் இயல்பினைச் சற்று நுணுகி நோக்குதல் தகும். ஏற்கெனவே பதியப்பட்ட வாகனங்கள் பழைய ஆங்கிலக் குறியுடனேயே ஓடின. புதிய குறியைத் தாங்க வேண்டியவை அதன்பின் துறைமுகம் கடந்து வந்த வாகனங்களே. ஆகவே, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாழ்ந்த ஒருவர் புதிதாகக் கார் ஒன்றினைப் பெற்றுத் தீர்வை முழுவதையும் செலுத்திய பின்னரும், தாம் வாசிக்க இயலாத ஓர் எழுத்தினைத் தம் வாகனத்தின் முன்னும் பின்னும் எழுதுவித்தாலன்றி அதனைத் தெருவில் இறக்க முடியாத நிலை உருவாயிற்று. தீர்வை செலுத்துவதில் அவர் ஏனைய குடிகளுக்குச் சமமானவர். பதிவேட்டிலோ அவர் மொழிக்கு இடமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘ஸ்ரீ’ என்பது வடமொழி வழிவந்த மங்கலச் சொல். தமிழரும் கிரந்த எழுத்தில் அதனை எழுதிக் கோயில் அழைப்புகளிலும் பெயர்களின் முன்னும் வழங்கி வந்துள்ளனர். எனவே சொல்லின் ஒலியோ பொருளோ பூசலுக்குக் காரணமாகவில்லை, வரிவடிவமே காரணமாயிற்று. தமிழரசுக் கட்சியின் இயக்கத்தினர் சிங்கள எழுத்தை அழித்து அவ்விடத்திற் தமிழில் ‘ஸ்ரீ’ எனவே எழுதினர் என்பது இதனை உறுதிப்படுத்தும். அவர்கள் கோரியது எழுத்தை நீக்குதலன்று, தம் எழுத்துக்கும் இடம் தருதலே என்று கொள்ளுதல் பொருந்தும்.

1957 சனவரியில் இவ்வியக்கம் தொடங்கியது. அவ்வாண்டு யூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தானமை சிறிது அமைதியைத் தந்தது. ஆயின், 1958 சனவரி முதலாம் நாள் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை செயற்படத் தொடங்கிற்று. சிங்கள ‘ஸ்ரீ’ தாங்கிய அதன் பஸ்கள் வடபகுதிக்கு அனுப்பப்பட்டபோது, தனியார் கார்களின் அளவில் இருந்த பிணக்கு பொதுமக்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் வாகனங்களுக்கும் பரவியது. வடக்கிற் சிங்கள எழுத்துகள் தார் பூசி அழிக்கப்பட்டன. தெற்கிற் கடைப் பலகைகளிலும் பிறவிடங்களிலும் இருந்த தமிழ் எழுத்துகள் அவ்வாறே அழிக்கப்பட்டன. ஏப்ரல் 9ஆம் நாள் பிரதமரின் இல்லத்தின் முன் பிக்குமார் கூடியிருந்து வற்புறுத்தியதைத் தொடர்ந்து உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாத இறுதியில் நாடெங்கும் தமிழர் தாக்கப்பட்டனர். அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது.

1958ஆம் ஆண்டின் வன்செயலுக்கு ஓர் இலக்கத் தகடே காரணம் எனக் கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். காணி, குடியேற்றம், தொழில்வாய்ப்பு முதலிய ஆழ்ந்த காரணங்கள் உளவாதலை மறுப்பதற்கில்லை. எனினும், அக்காரணங்கள் அனைத்தும் பாமரரும் கண்ணாற் கண்டு கையால் அழிக்கத்தக்க ஒரு குறியாகத் திரண்டது இத்தகட்டிலேயாம்.

3. செலாவணிப் பஞ்சத்தின் காலம்

பதிவேட்டில் இப்பூசல் நிகழ்ந்து சில ஆண்டுகளில் முதலாம் வாயில் இறுகத் தொடங்கிற்று. தேயிலை, றப்பர், தெங்குப் பொருள்களின் வருவாயைக் கொண்டே இறக்குமதிக்குப் பணம் செலுத்திய நாடு, அவ்வருவாய் போதாமற்போனபோது ஆடம்பரப் பொருள்களையே முதலில் தடுத்தது. 1960களின் தொடக்கம் முதல் தனியார் கார் இறக்குமதி கடுங் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அநுமதிப்பத்திர முறையை உறுதியாக்கியது. சுங்கத்திற் செலுத்தும் தீர்வையிலும் பார்க்க, பொருளைத் தருவிக்கும் அநுமதியைப் பெறுதலே அரிதான காலம் அது.

இதன் விளைவு தெருக்களிற் தென்பட்டது. சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் வந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பிரித்தானியக் கார்கள் கால்நூற்றாண்டுக்கு மேல் உழைக்க நேர்ந்தது. புதிய கார் வாராத நாட்டிற் பழைய கார் விலை இறங்குவதற்கு இடமில்லை. பழுதுபார்ப்பவனும் கடைச்சற் பட்டறையாளனும் உதிரிப் பாகங்களை இங்கேயே ஆக்கிப் பொருத்தினர். பழைய காரொன்றின் பதிவுப் புத்தகமே ஒரு செல்வமாயிற்று.

4. பாவித்த கார் வரும் வழி

1977ஆம் ஆண்டின் தாராளமயக் கொள்கை இக்கதவைத் திறந்தது. அதன்பின் பெருந்தொகையாக வந்தவை யப்பானில் பாவிக்கப்பட்ட வாகனங்கள். இதற்கு இரு காரணங்கள் உண்டு. யப்பானிலும் இலங்கையிலும் வாகனங்கள் தெருவின் இடப்புறமாகவே செல்வன. ஆகையால் சுக்கானை மாற்ற வேண்டிய தேவையில்லை. மேலும், யப்பானில் புதிய தனியார் கார் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கொரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படல் வேண்டும். அச்செலவை விரும்பாதோர் நல்ல நிலையில் உள்ள கார்களையும் விற்றுவிடுகின்றனர். அங்கு மதிப்புக் குன்றிய பொருள் இங்கு மதிப்புமிக்கதாகின்றது.

அத்தகைய கார் முதலில் தன் பிறந்த நாட்டின் பதிவேட்டினின்று நீக்கப்பட்டு, ஏற்றுமதிக்கான சான்றிதழைப் பெறுகின்றது. இறக்குமதி செய்பவர் வங்கியில் நாணயக் கடிதம் திறத்தல் வேண்டும். கப்பலேற்றுமுன் வாகனத்தின் நிலையும் உற்பத்தி நாளும் பரிசோதித்துச் சான்றுபடுத்தப்படுகின்றன. வாகனம் கொழும்பிலோ, 2012இன் பின்னர் அம்பாந்தோட்டையிலோ இறங்கியதும் சுங்கப் பிரகடனம் சமர்ப்பிக்கப்படுகின்றது. சுங்கத் தீர்வையுடன், 1989ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான உற்பத்தி வரியும் ஏனைய வரிகளும் சேர்கின்றன. இயந்திரக் கொள்ளளவு, எரிபொருள் வகை, வாகனத்தின் வயது ஆகியவை வரியைத் தீர்மானிப்பனவாதலால், உற்பத்தி நாளில் ஏற்படும் சில மாத வேறுபாடும் பெருந்தொகைப் பணமாக மாறக்கூடும். பாவித்த காரின் பெறுமதி, வயது ஆகியன பற்றிய பிணக்குகள் சுங்கத்தில் ஓயாதிருப்பதற்குக் காரணம் இதுவேயாம்.

சுங்கம் விடுவித்த பின்னரே பதிவேடு திறக்கும். அடிச்சட்ட இலக்கம் இரு கந்தோர்களிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இரு வாயில்களையும் இணைக்கும் சங்கிலி அவ்விலக்கமே. உதிரிப் பாகங்களெனத் தருவிக்கப்பட்டவற்றைப் பொருத்தி, ஓடாத பழைய வாகனமொன்றின் பதிவை அதற்கு அணிவிக்கும் மோசடிகள் அச்சங்கிலியை அறுப்பனவாகும். வரிச்சலுகை அநுமதிப்பத்திரங்கள் கைமாறியமையும் இவ்வகையினதே. தீர்வை உயர உயரப் பதிவேட்டின் உண்மைக்கு ஊறு நேர்வது இயல்பாகின்றது.

5. பதிவேடும் போரும்

போர்க்காலத்தில் வடபகுதியின் நிலை தனியே நோக்கத்தக்கது. 1990 முதல் எரிபொருள் தடுக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தார் சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை முடுக்கி, மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டினர். நுண்ணிய அமைப்புகளற்ற பழைய பிரித்தானியக் கார்களே இதற்கு ஈடுகொடுத்தன. செலாவணிப் பஞ்சத்தாற் காப்பாற்றப்பட்ட கார்கள் முற்றுகையின் காலத்தில் நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சியரையும் சுமந்தன. அவற்றுட் பல இன்னும் சிலோன் காலத்து ஆங்கில எழுத்துகளையே தாங்கியிருந்தன.

இடப்பெயர்வுகளில் வீடும் பெட்டகமும் இழந்தோர் பதிவுப் புத்தகங்களையும் இழந்தனர். 2009இல் வன்னியிற் கைவிடப்பட்ட வாகனங்களை மீளப்பெற வந்தோர், தம் உரிமையை ஆவணத்தால் நிறுவ வேண்டியவராயினர். வண்டி கண்முன் நின்றபோதும் தாளில்லாதவர்க்கு அது தம்முடையதாகவில்லை. பதிவேடு சொத்துரிமையின் ஆவணம் என முன்னர்க் கூறியதன் முழுப்பொருளும் இங்கே விளங்கும்.

6. முடிவுரை

‘ஸ்ரீ’ பின்னாளிற் புதிய தகடுகளினின்று மறைந்தது. இலக்கங்களும் இடைக்கோடும் மட்டும் எஞ்சின. 2000ஆம் ஆண்டு தொடக்கம் ஆங்கில எழுத்துகள் மாகாணக் குறியுடன் மீண்டன. பின்னர் மாகாணக் குறியும் புதிய தகடுகளில் விடப்பட்டது. எவ்வினத்தாருக்கும் உரியதல்லாத எழுத்திலிருந்து தொடங்கி, அரைநூற்றாண்டுப் பூசலின் பின் அதே எழுத்துக்குத் திரும்பியமை இணக்கத்தின் வெற்றியாகாது. இரு மொழிகளும் அருகருகே நிற்கத்தக்க ஒரு தகட்டினை ஆக்க எவரும் முன்வரவில்லை என்பதையே அஃது உணர்த்துகின்றது.

சுங்க வாயிலும் தன் பழைய வரலாற்றை மறக்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாநிலையை அறிவித்தது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. 1960களிற் போலவே இடைப்பட்ட ஆண்டுகளிலும் பழைய வாகனத்தின் விலை ஏறியது. செலாவணி குன்றுங்கால் இவ்வாயில் அடைபடுவதும், நிறையுங்கால் திறப்பதும் இனியும் நிகழக்கூடும். அதற்குப் பொருளியலில் விடை தேடலாம். இரண்டாம் வாயில் எழுப்பிய வினாவோ பணத்தால் தீர்வதன்று. தீர்வையைச் சமமாகச் செலுத்தும் குடிகள் பதிவேட்டிலும் சமமாக எழுதப்படுகின்றனரா என்பதே அவ்வினா. அதனை அரசு நேராக எதிர்கொள்ளும்வரை, இலக்கத் தகட்டின் வரலாறு முற்றுப்பெற்றதாகக் கொள்ளுதல் இயலாது.